மன்னிக்காத இரும்பு

மனித குலத்தின் போக்கை இரும்பு மூன்று முறை மாற்றியிருக்கிறது. ஏர்முனையாக வந்து காட்டைக் கழனியாக்கியது. வாளாக வந்து அரசுகளைக் கவிழ்த்தது. தண்டவாளமாக வந்து தூரத்தைச் சுருக்கியது. நான்காவது முறை அது ஏழு கோல்ஃப் மட்டைகளாக வந்தது. பம்புசெட் கம்பெனியின் விற்பனை மேலாளர் ஒருவரைச் சனிக்கிழமை காலையில் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொள்ள வைத்தது.

"ஏங்க, உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று கதவைத் தட்டினாள் மனைவி.

"வயிறு சரியில்லம்மா."

"வயிறு நல்லாத்தான் இருக்கு. பயப்படறதை வெளிய வந்து உட்கார்ந்து பயப்படுங்க. நான் டூட்டிக்குக் கிளம்பணும்."

இந்தப் பயத்தின் பூர்வீகம் வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். வேலையில் சேர்ந்த புதிதில், சேர்மன் ஒரு கோல்ஃப் பைத்தியம் என்று கேள்விப்பட்டு, "நானும் ஆடுவேன் சார்" என்று ஒரு வார்த்தையை விட்டார் நம் மேலாளர். "உன் நம்பர் என்ன?" என்று கேட்டார் சேர்மன். கோல்ஃபில் ஆளின் தரத்தை ஓர் எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறைய ஆள் உசத்தி. பத்துக்குக் கீழே என்றால் கில்லாடி. மேலாளருக்கு இது தெரியாது. நூறு என்று சொன்னால் தலைக்கனம் என்று நினைப்பார்களே என்று, குரலைத் தாழ்த்தி, "ஏதோ ஒரு எட்டு சார்" என்றார்.

அடக்கத்தால் கெட்டுப்போன விற்பனை மேலாளர் உலகத்தில் இவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து சேர்மன் அவரை "சிங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறார். ஒற்றை இலக்க ஆட்டக்காரர் என்று அர்த்தம். "பொண்டாட்டி, வளர்ந்த பொண்ணு எல்லாம் இருக்கிற மனுஷனை என்ன சிங்கிள்?" என்று முதல் தடவை கேட்டபோது மனைவி முகம் சுளித்தாள். பிறகு பழகிவிட்டது. ஆடக் கூப்பிட்டபோதெல்லாம் மேலாளருக்கு முதுகு வலித்தது. கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். மச்சான் வீட்டில் விசேஷம் வந்தது. மச்சானே இல்லாத ஒருவருக்கு மச்சான் வீட்டில் அத்தனை விசேஷங்கள் வந்தது கம்பெனியில் யாருக்கும் உறுத்தவில்லை.

போன வாரம் சேர்மன் ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி, ஆளுயரத் தோல் பை ஒன்றை மேலாளரின் கையில் கொடுத்தார். "திறமையான ஆட்டக்காரங்களுக்குன்னே புதுசா வடிவமைச்ச இரும்பு. சிங்கிளுக்காகச் சொல்லிச் செஞ்சது. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் திடலுக்கு வர்றான், என் கண்ணு முன்னாடி திறக்கறான், அடிக்கறான்." எல்லோரும் கைதட்டினார்கள். பையின் வாயில் கம்பெனி முத்திரை போட்ட தாள் ஒட்டியிருந்தது.

நாளைதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

நாளை ஆடத் தெரியவில்லை என்று தெரிந்தால் என்ன? சிரித்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைக்கலாம். இந்தச் சேர்மன் சிரிக்கிற ஆளில்லை. ஆட்டத்தில் பொய் சொல்கிறவன் கணக்கிலும் பொய் சொல்வான் என்பது அவர் வேதம். கிடங்கு மேலாளர் ஒருவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, புல்லுக்குள் கிடந்த பந்தைச் செருப்பு நுனியால் இரண்டு விரற்கடை நகர்த்தினார். திங்கட்கிழமை அவர் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன. சேர்மன் அவற்றைப் பூச விடவில்லை.

மேலாளர் குடியிருப்பது கம்பெனி வீடு. ஓட்டும் வண்டி கம்பெனி வண்டி. தலைமுடி நரைத்தவனுக்கு இன்னொரு கம்பெனி கதவு திறக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

குளியலறைக் கதவு திறந்தது. முகம் கழுவியும் வேர்த்திருந்தது.

"உங்க டிபார்ட்மென்ட்ல," என்று ஆரம்பித்தார், தரையைப் பார்த்தபடி, "முதுகெலும்பு கெட்டுப்போன யாரோட எக்ஸ்ரேயாவது உபரியா இருக்குமா?"

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"உபரியான்னா?"

"யாரும் வாங்கிட்டுப் போகாதது. ஒரு நாள் காட்டிட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"இன்னொருத்தர் முதுகை உங்க முதுகுன்னு காட்டப் போறீங்க."

"முதுகெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

அவள் கோட்டுப் பையிலிருந்து இரண்டு சின்ன ஈய எழுத்துகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஒன்று எல். ஒன்று ஆர். "ஒவ்வொரு படத்துலயும் இதுல ஒண்ணை வெச்சுத்தான் எடுப்போம். இடமா வலமான்னு காட்டறதுக்கு. இல்லன்னா படத்தை எப்படித் திருப்பினாலும் சரியாத்தான் தெரியும். அப்புறம் எந்தக் காலை அறுக்கறதுன்னு தெரியாம டாக்டர் முழிப்பாரு. அந்த மாதிரி இடத்துல வேலை பார்க்கறவகிட்ட வந்து திருட்டு முதுகு கேக்கறீங்க."

"வீடு போயிடும்மா."

எழுத்துகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கூடத்து மூலையில், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி, தோல் பை பேசாமல் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டும்போது அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் வண்டியில் கற்பவர் காலடியில் ஒரு பிரேக், அவள் காலடியில் ஒரு பிரேக். நடுங்குகிறவர்களோடு நாள் முழுக்க உட்காருவதுதான் அவள் தொழில். அன்றைய வகுப்புகளை ரத்து செய்துவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கப்பா. முதல் நாள் எல்லாரும் செத்துடுவோம்னுதான் நினைப்பாங்க."

"அப்புறம்?"

"ரெண்டாம் நாள் அடுத்தவங்களைச் சாகடிச்சுடுவோமோன்னு நினைப்பாங்க. அது முன்னேற்றம்."

"எனக்கு ரெண்டாம் நாளே கிடையாதேம்மா."

சாலையில் குறுக்கே ஒன்றும் வராதபோதே மகளின் கால் பிரேக்கை ஒரு தடவை தொட்டு மீண்டது.

பணம் கட்டினால் ஒரு கூடைப் பந்தும் ஒரு மட்டையும் தருகிற பயிற்சித் திடல் அது. தெரிந்தவர்கள் வரமாட்டார்கள் என்று ஊருக்கு வெளியே தேடிப் பிடித்தது. அப்படியும் மேலாளர் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பயிற்சியாளர் வெயிலில் கறுத்த ஒரு பெண்மணி. வாயில் எப்போதும் ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

"வலக் கையா, இடக் கையா?"

"வலது. பிறந்ததுலேருந்து வலது" என்றார் மேலாளர்.

கோல்ஃபைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

முதல் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது வீச்சில் பந்துக்குக் கீழே விரித்திருந்த பாய் கிழிந்தது. நான்காவது பந்து பக்கவாட்டில் பறந்து பக்கத்துத் தடுப்பில் அடித்து, திரும்பி வந்து அவர் கணுக்காலைப் பதம் பார்த்தது. அடுத்த தடுப்பில் ஆடிக்கொண்டிருந்த தம்பதிகள் பேச்சில்லாமல் தங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு நான்கு தடுப்பு தள்ளிப் போனார்கள்.

"எத்தனை மாசத்துல ஆடணும்?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"நாளைக்கு" என்றாள் மகள்.

மெல்லுவது நின்றது. "எதுல?"

மகள் தோல் பையில் பொறித்திருந்த இரும்பின் பெயரைச் சொன்னாள். பயிற்சியாளர் கையிலிருந்த மட்டையைத் திருப்பி அதன் தலையைக் காட்டினார். தடிமனாக, பின்பக்கம் குடைந்து, சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது. "இது மன்னிக்கற ஜாதி. ஓரத்துல பட்டாலும் பந்து ஏதோ கொஞ்ச தூரம் போகும், நம்ம மானம் மிஞ்சும். நீங்க சொல்றது வேற. தலை மெலிசா, ரெண்டு பக்கமும் வழவழன்னு கத்தி மாதிரி இருக்கும். நடுவுல ஒரு காசு அகலத்துக்குத்தான் உயிர். அங்க பட்டா வெண்ணெய். ஒரு நூல் தள்ளிப் பட்டா விரல்ல ஷாக் அடிக்கும், சத்தமே காட்டிக்கொடுத்துடும். கூட நிக்கறவர் பந்து எங்க போச்சுன்னு பார்க்கவே வேண்டாம். காதே போதும்."

"அப்ப அதை எதுக்குச் செய்யறாங்க?" என்றார் மேலாளர்.

"தெரிஞ்சவன் தன் தப்பைத் தெரிஞ்சுக்கத்தான். தெரியாதவன் அதைத் தொடக் கூடாது."

அப்போதுதான் கைபேசி அடித்தது. சேர்மன்.

மேலாளர் எழுந்து நின்றார். நின்றுகொண்டுதான் இருந்தார்; இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நின்றார்.

"என்ன சிங்கிள், முத்திரையை உடைக்கலையே?"

"சேச்சே, இல்லைங்க சார்."

"உடைச்சே, கெட்டேன்னு வை. நான் எதையும் மறக்கறவன் இல்லைய்யா. அன்னைக்கு என் வீட்டு விருந்துல மட்டையை நீட்டினப்போ நீ ஒண்ணு சொன்னே பாரு, அதை மனசுல வெச்சுத்தான் இதைச் செய்யச் சொன்னேன். கடையில கிடைக்காது. நாளைக்குப் பார்க்கறேன், நீ சொன்னது நிஜமான்னு."

சிரிப்புச் சத்தம். லைன் துண்டானது.

மேலாளர் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னப்பா சொன்னாரு?"

"நான் என்னமோ சொன்னேனாம்."

"என்ன சொன்னீங்க?"

"அதான் தெரியல."

ஞாபகம் வந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன், சேர்மன் வீட்டுப் புல்வெளியில் விருந்து. எல்லோர் முன்னாலும் சேர்மன் தன் மட்டையை நீட்டி, "ஒரு வீச்சு வீசிக் காட்டு" என்றார். இவர் ஏதோ சொன்னார். எல்லோரும் "அட" என்றார்கள். மட்டை திரும்பிப் போயிற்று. தப்பித்த நிம்மதியில், எப்படித் தப்பித்தோம் என்பதை அன்று இரவே மறந்துவிட்டார். விற்பனைத் துறையில் அது ஒரு வியாதி.

காரில் திரும்பும்போது அப்பாவும் மகளும் எல்லாச் சாத்தியங்களையும் எடுத்துப் பார்த்தார்கள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு அடிப்பேன்னு சொன்னீங்களா?"

"அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்."

"ஏரியைத் தாண்டி அடிப்பேன்?"

மேலாளர் யோசித்தார். யோசித்தது மகளைப் பயமுறுத்தியது.

"ஒரு அடியிலயே குழியில போடுவேன்?"

"தெரியலம்மா. அன்னைக்கு நான் நல்லாப் பேசினேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

மனைவிக்குப் போன் போட்டார்கள். மருத்துவமனையில் அவள் அப்போது படங்கள் அடுக்கியிருந்த அலமாரிமுன் நின்றுகொண்டிருந்தாள். யாரும் வாங்கிப் போகாத முதுகு ஒன்று கையில் பாதி வந்திருந்தது. உறையில் ஏதோ ஒரு கிழவரின் பெயர். கைபேசி அதிர்ந்ததும், திருட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி, படத்தை உள்ளே தள்ளினாள்.

"விருந்துல என்ன சொன்னீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் பொம்பளைங்க மேஜையில இருந்தேன். எனக்குத் தெரிஞ்சது சூப்தான்."

"என்ன சூப்?"

"பாதி கிண்ணம் உங்க சட்டையில. வெள்ளைச் சட்டை. குழந்தை மாதிரி கொட்டிக்கிட்டீங்க. கேட்டதுக்குக் கை மரத்துப்போச்சுன்னீங்க. அந்தக் கறை இன்னும் போகல."

சூப்பில் துப்பு ஒன்றும் இருப்பதாக யாருக்கும் படவில்லை. போனை வைத்தார்கள். மனைவி அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தலைமை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் வெளிச்சம் குறைவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

"அந்தம்மா சொன்னது சரிதான்" என்றாள் மகள். "கத்தின்னு தெரிஞ்சே நாளைக்குத்தான் முதல் தடவையா கையில எடுக்கப் போறீங்களா? என்கிட்ட வர்றவங்ககூட முதல்ல வண்டியில சும்மா உட்கார்ந்து பார்ப்பாங்க. பிடிச்சாவது பாருங்க. எடை தெரியட்டும்."

"முத்திரை?"

"கெட்டில்ல தண்ணி கொதிக்குது. ஆவி காட்டினா முழுசா வந்துடும். பார்த்துட்டு ஒட்டிடலாம்."

"கிடங்கு மேலாளரும் ரெண்டு விரற்கடைதான் நகர்த்தினாரு."

"அவரு பந்தை நகர்த்தினாரு. நாம தாளை நகர்த்தறோம்."

வாதத்தில் ஓட்டை இருந்தது. ஆனால் அடைக்க நேரமில்லை. மேலாளர் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார். வாசல் கதவைப் பூட்டினார். பூட்டியதை இழுத்துப் பார்த்தார். சொந்தப் பையைச் சொந்த வீட்டில் திறக்க அவர் செய்த முன்னேற்பாடு, நகைக்கடையில் கன்னம் வைப்பவர்களுக்குக்கூடத் தேவைப்பட்டிருக்காது.

ஆவியில் முத்திரைத் தாள் முதலில் அசையவில்லை. பிறகு ஓரம் சுருண்டது. மகள் நகத்தால் மெதுவாக உரித்தாள். பாதி வந்ததும் கம்பெனிச் சின்னத்திலிருந்த பம்புசெட் இரண்டாகக் கிழிந்தது.

மேலாளர் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"ஒட்டிடலாம்" என்றாள் மகள். இரண்டு துண்டுகளையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காய வைத்தாள்.

மேலாளர் பைக்குள் கைவிட்டு ஒன்றை உருவினார்.

அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழப்பு, கத்தி மாதிரி மெலிவு, எண்ணெய் வாசனை. அதில் தன் முகம் நீளமாக, வெளிறித் தெரிவதைப் பார்த்தார். பயிற்சியாளர் சொன்ன அந்தக் காசு அகல இடம் எங்கே இருக்கும் என்று கட்டைவிரலால் தடவினார். கம்பளத்தின்மேல் மகள் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். காலையில் கற்றுக்கொண்டபடி கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, வலது கையைக் கீழே வைத்துப் பிடித்து, மட்டையின் தலையைப் பழத்தின் பின்னால் கொண்டு வந்தார்.

என்னவோ சரியில்லை.

இரும்பின் அடிக்கிற முகம் பழத்தைப் பார்க்கவில்லை. நேர் எதிர்ப்பக்கம் சோபாவைப் பார்த்தது.

"திருப்பிப் பிடிங்கப்பா."

திருப்பினார். முகம் பழத்துக்கு நேராக வந்தது. ஆனால் வெளிப்பக்கம் நீள வேண்டிய நுனி, அவர் பாதத்தைப் பார்த்துத் தரையைக் குத்தியது. மீண்டும் திருப்பினார். மீண்டும் சோபா.

"பயத்துல எனக்குக் கண்ணு மாறித் தெரியுதா?"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது." மகள் பையிலிருந்து இன்னொன்றை உருவினாள். அதுவும் அப்படியே. இன்னொன்று. ஏழும் கம்பளத்தில் வரிசையாகக் கிடந்தன, எல்லாம் ஒரே திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வாசல் பூட்டில் சாவி சுழன்றது. இருவரும் உறைந்து நின்றார்கள். மேலாளர் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நீள மட்டை, தோளுக்கு மேலே அரை முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

வந்தது மனைவிதான்.

"படம் கொண்டு வரல" என்றாள், செருப்பைக் கழற்றாமலே. "கேக்காதீங்க." பிறகுதான் மூடிய திரைகளையும், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கிழிந்த முத்திரையையும், தரையில் கிடந்த இரும்புகளையும் பார்த்தாள்.

"புது மட்டை பழுதும்மா" என்றாள் மகள். "செய்யறப்பவே தப்பு பண்ணியிருக்காங்க. எல்லாம் திரும்பி நிக்குது."

மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள். ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், படம் பார்க்கிற மாதிரி. ஒரு தடவை திருப்பினாள். இன்னொரு தடவை. அவளுடைய கை தன்னையறியாமல் கோட்டுப் பைக்குப் போயிற்று.

"ஏங்க."

"ம்."

"அன்னைக்குச் சூப்பை எந்தக் கையால குடிச்சீங்க?"

மேலாளர் வாயைத் திறந்தார். மூடினார். முதுகுக்குப் பின்னாலிருந்த மட்டை மெதுவாகக் கீழே இறங்கித் தரையைத் தட்டியது. பயிற்சியாளர் சொன்னது சரிதான். அந்தச் சத்தம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது.

"மட்டையை நீட்டினாரு" என்றார் அவர், குரல் எங்கிருந்தோ வர. "நான்... இது வலக்கை மட்டை சார், நான் இடக்கை ஆட்டக்காரன்னு சொன்னேன். அப்புறம் அவரு என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அதனால சூப்பையும்..."

மகள் சோபாவில் உட்கார்ந்தாள். இல்லாத பிரேக்கை அவள் கால் இரண்டு தடவை மிதித்தது.

மனைவி ஓர் ஈய எழுத்தை எடுத்து, கம்பளத்தில் கிடந்த முதல் மட்டையின் பக்கத்தில் வைத்தாள். எல்.

ஏழும் இடது கைக்காரருக்குச் செய்தவை.